பிஷாராவின் இரண்டு ஆமாம்

நைல் ஆற்றின் மேற்குக் கரையில் நின்று ஒருவன் பொய் சொன்னால் கிழக்குக் கரையில் இருப்பவன் காதுக்கு அது எட்டாது. எங்கள் ஊர் நஸ்லாவில் பலருக்கு இது பெரிய வசதியாக இருந்தது. மேற்கே ஊரும் வயலும். கிழக்கே மெலிந்த துண்டு நிலம், அதற்கப்பால் பாலைவனத்தை ஒட்டி ஊரின் கல்லறைகள். இரண்டுக்கும் நடுவே நாள் முழுக்கப் போய்வந்து கொண்டிருந்தது ஒரு தட்டை இரும்புப் படகு. அதை ஓட்டியவர் பிஷாரா. இரண்டு கரையிலும் முகம் காட்டியாக வேண்டிய பிழைப்பு என்பதாலோ என்னவோ, அந்த மனிதருக்குப் பொய் மட்டும் வரவே இல்லை.

பொய் வராததைக்கூட மன்னித்துவிடலாம், ஆணையும் வராது. எங்கள் ஊரில் தக்காளி விற்கிறவன் அல்லா மேல் ஆணையிட்டுத்தான் தராசைத் தூக்குவான். கிறிஸ்தவன் என்றால் கன்னி மரியாள் மேல் ஆணையிடுவான். பேருந்து வந்துவிட்டதா என்று கேட்டால்கூட ஒரு ஆணை இல்லாமல் பதில் கிடைக்காது. பிஷாராவோ கேட்டதற்கு ஆமாம் என்பார், இல்லை என்பார், வாயை மூடிக்கொள்வார். ஆணையிடக் கூடாது என்று கர்த்தர் சொன்னதைச் சிறு வயதில் கோவிலில் ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும்தான் கேட்டார்கள், கேட்டு மறந்தார்கள். அவருக்கு மட்டும் அது நெஞ்சில் தங்கிவிட்டது.

இதனால் வீட்டில் மனைவி தெமியானாவுக்குக் கிடைத்தது தலைவலிதான். குழம்பு எப்படி என்று மட்டும் கணவரிடம் கேட்கவே மாட்டாள். மாப்பிள்ளை பார்க்க வருகிற பெண் வீட்டார் பிஷாராவிடம் விசாரிக்காதபடி மாப்பிள்ளை வீட்டார் படகுத்துறையிலேயே காவல் நிற்பார்கள். ஒருமுறை காவல் தவறியது. "பையன் தங்கமானவன்தான், ஆனா மத்தியானத்துக்கு முன்னால எழுந்து நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றது. அந்த வீட்டார் அவரோடு வெகு காலம் பேசவில்லை. ஆனால் அதே வீட்டார், கழுதை வயலில் மேய்ந்த வழக்கு வந்தபோது, "பிஷாரா அண்ணன் பாத்தாரு, அவரையே கேளுங்க" என்றுதான் ஓடிவந்தார்கள். முஸ்லிமோ கிறிஸ்தவரோ, அவர் ஆமாம் என்றால் அதற்கு மேல் எங்கள் ஊரில் பேச்சு கிடையாது.

படகில் அவருக்குத் துணையாக இருந்தவன் துஹாமி. பிஷாரா சுக்கானைப் பிடிப்பார். துஹாமி வண்டிகளை ஏற்றி, முனையில் குறுக்கே கிடக்கும் கனத்த சங்கிலியைக் கொக்கியில் மாட்டுவான். மாட்டியபின் கையை உயர்த்துவான். அந்தக் கை உயராமல் பிஷாரா படகைக் கிளப்பியதே இல்லை. ரமலான் மாதத்தில் துஹாமி நோன்பிருக்கையில் பிஷாரா அவன் எதிரில் தேநீர் குடிக்க மாட்டார். பிஷாராவின் நோன்புகளோ வருஷத்தில் பாதிக்கு மேல். "உங்க சாமி உங்கள எப்பத்தான் சாப்பிட விடுவாரு அண்ணே?" என்று துஹாமி கேட்பான். "நீ பேச்ச நிறுத்துறப்ப" என்பார் இவர். அன்றாடம் நடக்கும் கூத்து அது.

பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் படகு ஓடாது. அன்று பிஷாரா விடிவதற்கு முன் கோவிலுக்குள் போனால், சாயங்காலம் கர்த்தரின் படத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, ரோஜா இதழ்களுக்கு நடுவே அடக்கம் செய்து முடிக்கும் வரை வெளியே வர மாட்டார். முந்தின இரவு உணவுக்குப் பிறகு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. அடக்கம் முடிந்ததும், சிலுவையில் கர்த்தருக்குக் கொடுத்ததன் நினைவாக ஒரு வாய் காடி குடித்துத்தான் நோன்பை முடிப்பார். அது அவருடைய நாள். மற்ற நாளெல்லாம் ஆற்றுக்கும் ஊருக்கும் கொடுத்தவர் அந்த ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்திருந்தார்.

அந்த வருஷம் அறுவடையும் பெரிய வெள்ளியும் ஒன்றாக வந்தன. கிழக்குக் கரையில் அறுத்த கோதுமை கிடந்தது. பாலைவனத்து மணற்காற்று எழும்பப்போகிறது என்று வானொலி சொன்னது. ஊர்த்தலைவர் ஹாஜி மஹ்ரூஸ் வாரத்தின் தொடக்கத்திலேயே படகுத்துறைக்கு வந்துவிட்டார்.

"பிஷாரா, காத்து வந்தா ஒரு கோதுமை மணிகூட மிஞ்சாது. வெள்ளிக்கிழமை படகு ஓடுமா?"

பிஷாரா ஆற்றைப் பார்த்தார். கோதுமை வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஏழைபாழைகள்.

"ஆமா," என்றார்.

அந்த ஆமாம்தான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. சொன்ன சொல் சொன்னதுதான், படகு ஓடியாக வேண்டும். கோவிலையும் விட முடியாது. துஹாமி சுக்கானைப் பிடிப்பான், சரி, சங்கிலிக்கு ஆள்? பிஷாராவுக்கு ஒரே மகன், ஆபானூப். ஊரில் சின்னதாக மொபைல் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தை ஒன்று. அப்பா சொன்னால் மறுபேச்சு பேசாத பிள்ளை. அப்படித்தான் அவர் வளர்த்திருந்தார், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டே ஆபானூப் ஒரு வார்த்தை கேட்டான்.

"அப்பா, வெயில் நேத்தே அந்த அடி அடிச்சுது. கோவில்ல நிழல்ல நிக்கிறது வேற, இரும்பு மேல நிக்கிறது வேற. கொஞ்சமா தண்ணி குடிச்சுக்கட்டுமா?"

"ஒரு நாள்தானேடா," என்றார் பிஷாரா. "கர்த்தர் தாகமா இருக்குன்னு சொன்ன நாளு. சாயங்காலம் அடக்கம் முடியட்டும், அப்புறம் ஆத்தையே குடி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மகனும் சிரித்தான். தெமியானா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று படகில் நடந்தது பிறகு மகன் வாயால்தான் பிஷாராவுக்குத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் ஆபானூபின் உதடு வெடித்துவிட்டது. துஹாமி தன் தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு குவளை மொண்டு நீட்டினான்.

"குடிடா. உங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க சித்தப்பா. அவரு கேட்டா நானே சொல்லிடுவேனே."

துஹாமி தலையில் அடித்துக்கொண்டு குவளையைக் கீழே வைத்தான். சாயங்காலம் நெருங்கும்போது கோதுமைக்கட்டு ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று படகில் ஏறியது. ஓட்டியவன் பக்கத்தில் அவனுடைய சின்ன மகள். ஆபானூப் சங்கிலியை எடுக்கக் குனிந்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று வண்டியின் நிழலில் உட்கார்ந்தான். சுக்கான் இருந்த மேட்டிலிருந்து பார்த்தால் கோதுமைக்கட்டு மறைத்தது. ஆபானூப் கையை உயர்த்தியிருப்பான் என்று நினைத்துத் துஹாமி படகைக் கிளப்பினான். படகு கரையை உரசிக் குலுங்கியது. வண்டி மெதுவாக உருண்டு, குறுக்கே எதுவும் இல்லாத முனையைத் தாண்டி ஆற்றுக்குள் போயிற்று.

துஹாமி அங்கியோடு குதித்தான். முதலில் பெண்குழந்தையைக் கொண்டுவந்தான். மறுபடி மூழ்கி வண்டிக்காரனைக் கதவு வழியே இழுத்து மேலே தள்ளினான். வண்டிக்காரன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். துஹாமியின் அங்கி வண்டியில் எதிலோ மாட்டியிருக்க வேண்டும். அவன் மேலே வரவில்லை.

கோவிலில் ரோஜா இதழ் தூவிக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து பெண்களின் ஓலம் கேட்டது. பிஷாரா வெறுங்காலோடு ஓடினார். அன்றைக்கு அவர் காடி குடிக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. மறுநாள் துஹாமியைக் கீழாற்றில் கண்டெடுத்தார்கள். அவனைக் கிழக்குக் கரைக்கு அடக்கத்துக்குக் கொண்டுபோன படகைப் பிஷாராதான் ஓட்டினார். அன்று சங்கிலியை அவரே போய் மாட்டிவிட்டு, அவரே வந்து சுக்கானைப் பிடித்தார். 

அடக்கம் முடிந்து திரும்பியபோது ஆபானூப் படகுத்துறையில் நின்றிருந்தான்.

"சங்கிலிய நான் மாட்டலப்பா," என்றான். "கண்ணு இருட்டிச்சு. உக்காந்துட்டேன்."

பிஷாரா அவன் தோளில் கை வைத்தார்.  தவறு யாருடையது என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நோன்பும் வேண்டும், சொன்ன சொல்லும் நிற்க வேண்டும் என்று தான் இரண்டையும் பிடித்துக்கொண்டதில் மூன்றாவதாக ஒருவன் செத்துப்போனான்.

வழக்கமாகச் சங்கிலி துஹாமியின் வேலை என்பது ஊருக்கே தெரியும். அன்று படகில் போய்வந்தவர்கள், துஹாமிதான் இரண்டு வேலையும் பார்க்கிறான், பையன் கையுதவிக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தார்கள்; சங்கிலி முழுக்க ஆபானூபின் பொறுப்பு என்று உறுதியாக அறிந்தவர்கள் பிஷாராவும் மகனும்தான். வண்டிக்காரன் உள்ளே இருந்தான், ஒன்றும் பார்க்கவில்லை. அதனால் ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது: பாவம் துஹாமி, சங்கிலியை மறந்துவிட்டான், தன் தவறுக்குத் தானே உயிரைக் கொடுத்துவிட்டான். இப்படிச் சொல்வதில் ஊருக்கு ஒரு நிம்மதி இருந்தது. காவல் நிலையத்திலும் விபத்து என்று எழுதி, மீதியை ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

துஹாமியின் மனைவி நபவிய்யா ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னைக்கு நான்தான் ஓட்டப்போறேன்னு காலைல சிரிச்சிட்டே போனாரு. ஓட்டறவரு எப்படிச் சங்கிலிய மாட்டுவாரு?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளைகளை, சங்கிலியை மறந்தவன் பிள்ளைகள் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். துஹாமியின் அண்ணன் ஸாபிர் ஊர்த்தலைவரிடம் போய், கூடத்தில் சபை கூட்டுங்கள், பிஷாரா அண்ணன் சொல்லட்டும், அவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறோம் என்றான்.

சபைக்கு முன்னால் ஹாஜி மஹ்ரூஸ் பிஷாராவின் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வைத்த தேநீர் ஆறிப்போனது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பிஷாராவுக்கு அன்றைய பொழுது சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது, எனக்குத் தெரியவும் வேண்டாம். துஹாமி மறந்துட்டான்னு நீ ஒரு வார்த்த சொன்னா வழக்கு முடிஞ்சுது. செத்தவன் கோவிச்சுக்க மாட்டான். மாத்திச் சொன்னியானா, கிறிஸ்தவப் பையனால முஸ்லிம் செத்தான்னு பக்கத்து ஊர்லேர்ந்து நாலு வெட்டிப்பசங்க மண்ணெண்ணெயத் தூக்கிட்டு வருவானுங்க. அவனுங்கள நான் எங்கன்னு தடுப்பேன்? உன் வீடு மட்டுமா எரியும்?"

"கேப்பாங்களே ஹாஜி," என்றார் பிஷாரா.

"கேட்டா?"

பிஷாரா ஹாஜிக்கு இன்னொரு குவளை தேநீர் ஊற்றினார்.

மறுநாள் பங்குச் சாமியார் அபூனா யொஅன்னிஸ் வந்தார். பொய் சொல் என்று எந்தச் சாமியார் சொல்வார்? "மகனே, எல்லா உண்மையையும் எல்லா இடத்திலயும் சொல்லணும்னு கட்டாயமில்ல. நெனவில்லன்னு சொல்றது பொய்யாகாது" என்று மெல்லச் சொன்னார். சொல்லும்போது பிஷாராவின் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். ஊரில் உள்ள மற்றக் கிறிஸ்தவ வீடுகளும் அவர் தலைமேல்தான் இருந்தன. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நெனவிருக்கே அபூனா," என்றார் பிஷாரா.

தெமியானாதான் கடைசி. அடுப்படியில் ரொட்டி மாவைப் பிசைந்தபடியே தொடங்கினாள்.

"இந்தாங்க, ஆபானூப் அப்பா. உங்களுக்கு நான் எதுக்காவது தடை சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"உங்க உண்மையால எத்தன பேர் நம்ம வீட்டுப் படி ஏறாம போனாங்க. ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"அப்ப இத ஒண்ணு எனக்காகச் செய்யுங்க. எனக்கு இருக்கிறது ஒரு பிள்ள. பொய் பாவம்னா அந்தப் பாவத்த நான் சுமந்துக்கறேன். நரகத்துக்கு நான் போறேன். நீங்க போங்க மோட்சத்துக்கு!"

மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டாள். பிஷாரா பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மணிக்கட்டில் குழந்தையாக இருந்தபோது பச்சை குத்திய சிலுவை இருந்தது. அவள் கையிலும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது அவர் பார்த்தது குறைவு.

"துஹாமி பிள்ளைங்கள நெனச்சுப் பாரு," என்றார்.

"நான் என் பிள்ளைய நெனக்கிறேன்," என்றாள் அவள்.

வாசலில் ஆபானூப் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வந்து அம்மாவை எழுப்பினான்.

"விடும்மா. அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு வாய் தண்ணி குடிக்கட்டுமான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் நீங்க ஆமான்னு சொல்லியிருக்கலாம்."



சபை ஊர்த்தலைவரின் கூடத்தில் நடந்தது. ஒரு பக்கம் துஹாமியின் சகோதரர்கள், எதிரே பிஷாராவும் மகனும் அபூனாவும். வாசலுக்கு வெளியே பெண்கள். நபவிய்யா கறுப்புத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூணோடு ஒட்டி நின்றாள். ஹாஜி மஹ்ரூஸ் தொழுகைச் சொற்களோடு தொடங்கி, சமாதானத்தைப் பற்றி நீளமாகப் பேசி, பிஷாராவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

ஸாபிர் எழுந்தான்.

"அண்ணே, மத்தவங்கன்னா ஆணை கேப்போம். உங்ககிட்ட வேண்டாம். நீங்க சொன்னா போதும். அன்னைக்குச் சங்கிலிய மாட்ட வேண்டியது என் தம்பியா?"

"இல்ல."

ஹாஜி கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க பையனா?"

பிஷாராவுக்கு நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. பெரிய வெள்ளிக்கிழமைகளில் எத்தனையோ தாகங்களைப் பார்த்தவர். இப்படி ஒரு வறட்சியை அவர் வாய் கண்டதில்லை.

"ஆமா," என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, அவர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கூடுதலாகப் பேசினார். "அவன் தண்ணி குடிக்கட்டுமான்னு கேட்டான். நான் கூடாதுன்னேன். துஹாமி தண்ணி குடுத்தான். எனக்குப் பயந்து இவன் வாங்கல. மயங்கி உக்காந்துட்டான். உங்க தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல. அவன் ரெண்டு உயிர காப்பாத்திட்டுப் போயிருக்கான். தண்டன எதுவோ அத எனக்குக் குடுங்க."

வெளியே நபவிய்யா சத்தம் போட்டு அழுதாள். கணவன் செத்த நாளில் அழுததைவிட அது பெரிய அழுகை என்று பெண்கள் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

சகோதரர்கள் தனியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பிஷாரா கேட்ட தண்டனையை அவருக்கு யாரும் தரவில்லை. கொலை இல்லை, விபத்துதான். ஆனால் ஒரு உயிருக்கு ஊர் முறை என்று ஒன்று உண்டு. ஆபானூப் தன் சவத்துணியைக் கையில் ஏந்தி, தலையில் எதுவும் இல்லாமல், வெறுங்காலோடு துஹாமி வீட்டு வாசலுக்கு வர வேண்டும். என் உயிர் இனி உங்கள் கையில் என்பது அதற்கு அர்த்தம். அவர்கள் அதை வாங்கிக்கொண்டு மன்னிப்பார்கள். அதன்பின் அவன் இந்த ஊரில் இருக்கக் கூடாது. "எங்கம்மா கண்ணுல அவன் படக் கூடாது அண்ணே. அவ்வளவுதான். உங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றான் ஸாபிர். 

மண்ணெண்ணெய் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை. வந்திருந்தால் ஸாபிரே அடித்துத் துரத்தியிருப்பான். அதை நினைத்து ஹாஜி பின்னால் பலமுறை ஆச்சரியப்பட்டார்.

வெள்ளைத் துணியை இரண்டு கையிலும் ஏந்தி ஆபானூப் தெருவில் நடந்தான். இரண்டு பக்கமும் ஊர் நின்றது. பிஷாரா பின்னால் நடந்தார். தான் ஏந்த வேண்டிய துணி அது என்ற நினைப்பு அவரை ஒவ்வோர் அடியிலும் அறுத்தது. ஸாபிர் துணியை வாங்கிக்கொண்டு அவனைக் கட்டி அணைத்தான். அந்த வாரமே ஆபானூப் மனைவியோடும் குழந்தையோடும் கெய்ரோவுக்குக் கிளம்பினான். தெமியானாவும் மூட்டையைக் கட்டினாள்.

"பேரக்குழந்தைய யாரு பாத்துக்குவா?" என்று மட்டும் சொன்னாள். அது காரணம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பிஷாராதான் அவர்களைப் படகில் ஏற்றிக் கிழக்குக் கரையின் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய் விட்டார். ஆபானூப் பெட்டியை இறக்கினான். அப்பாவின் பக்கம் திரும்பாமலே நடந்தான்.

அதற்குப் பிறகு ஊர் அவரை இரண்டு விதமாகப் பார்த்தது. முஸ்லிம்கள் எழுந்து நின்று சலாம் சொன்னார்கள். கோவிலிலோ சிலர் அவர் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நின்றார்கள். "சொந்தப் பிள்ளைய வித்துப் பேரு வாங்கினவன்" என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். பிஷாரா மறுக்கவில்லை. இரவில் வீட்டுக்கு வந்து ரொட்டியும் வெங்காயமும் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமலிருக்கக்கூட யாரும் இல்லை.

நபவிய்யா நெடுநாள் கழித்து ஒருமுறை படகில் ஏறினாள். துஹாமியின் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடு ஆற்றில் சுக்கான் பக்கம் வந்து நின்றாள்.

"நன்றி சொல்ல வரல அண்ணே. அவர நீங்க திருப்பிக் குடுக்கல. பேர மட்டும் குடுத்தீங்க."

"ஆமாம்மா."

"பிள்ளைங்க இப்ப தல நிமிந்து ஸ்கூல் போறாங்க. அத சொல்லணும்னு தோணுச்சு." திரும்பிப் போகப்போனவள் நின்றாள். "உங்க பையன் நல்லாருக்கானா?"

"தெரியலம்மா," என்றார் பிஷாரா.

பெரிய வெள்ளிக்கிழமைகளில் அவர் அதற்கப்புறம் கோவிலுக்குப் போகவில்லை. படகிலேயே நின்றார். துஹாமியின் பானையை நிறைத்து நடுவில் வைத்தார். நோன்பில் உதடு காய்ந்து வருகிற கிறிஸ்தவப் பையன்களுக்கு அவரே குவளையை நீட்டுவார். "குடிடா. கர்த்தர்கிட்ட கணக்க நான் பேசிக்கறேன்." அபூனாவுக்குச் செய்தி போய், அவர் துறைக்கே வந்து கடிந்துகொண்டார். பிஷாரா தலை குனிந்து கேட்டுக்கொண்டார், பானையை எடுக்கவில்லை. தான் மட்டும் அதிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

ஒருமுறை கெய்ரோவுக்குப் போனார். தெமியானா கதவைத் திறந்தாள், சோறு போட்டாள். அப்பா வருவது தெரிந்து ஆபானூப் விடியலிலேயே வெளியே போயிருந்தான். இருட்டும்வரை காத்திருந்துவிட்டுப் பிஷாரா எழுந்தார். வாசலில் தெமியானாவிடம் சொன்னார்: "ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற கல்லற நாள்ல நான் கிழக்குக் கரைல இருப்பேன்னு சொல்லு. அது ஊருக்கு வெளிய, தடையில்ல. ஸாபிர்கிட்டயும் கேட்டுட்டேன். மனசு வந்தா வரட்டும். வான்னு நான் சொன்னதா சொல்லாத."

கல்லறை நாளில் எங்கள் ஊரே கிழக்குக் கரைக்குப் போகும். செத்தவர்கள் பேரால் ரொட்டியும் பேரீச்சம்பழமும் பங்கிடுவோம். பிஷாரா தன் அப்பா அம்மாவுக்கும் பங்கிட்டு, அடுத்த மேட்டில் இருக்கும் முஸ்லிம் கல்லறைகளுக்குப் போய்த் துஹாமிக்கும் ஒரு பங்கு வைப்பார். பிறகு சாலையைப் பார்க்கிற ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. அதில் அவித்த முட்டையும், ஆபானூபுக்குப் பிடித்த நெய் ரொட்டியும், ஒரு தண்ணீர்ப் புட்டியும். பொழுது சாய்ந்ததும் மூட்டையை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். வருஷா வருஷம் இதேதான். பார்க்கிறவர்களுக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். போய் மகன் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வாயேன் மனுஷா என்று எனக்கே கத்தத் தோன்றியிருக்கிறது.

அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கிய வருஷம் அது. மதியம் கழிந்து, கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சாலையில் ஒரு மைக்ரோ பஸ் நின்றது. ஒருவன் இறங்கினான். பஸ் போன பிறகும் அவன் அங்கேயே நின்றான். முகம் தெரியவில்லை. ஆனால் ஒரு தோளைச் சற்றுச் சாய்த்து நிற்கிற அந்த நிலை பிஷாராவுக்குத் தெரியும். நடக்கப் பழகிய நாளிலிருந்து ஆபானூப் அப்படித்தான் நிற்பான்.

பிஷாரா கல்லிலிருந்து பாதி எழுந்தார். மகனின் பெயர் தொண்டை வரை வந்தது. காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது, ஒரு குரல் கொடுத்தால் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் அவன் வந்துமிருப்பான், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்பா சொல்லி ஆபானூப் தட்டியதில்லை. அன்றைக்கும் அப்பா சொன்னார் என்றுதான் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் அந்த இரும்பின் மேல் போய் நின்றான்.

பிஷாரா மறுபடி உட்கார்ந்தார். வாயை இறுக மூடிக்கொண்டார். மகன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் மூட்டையை அவிழ்த்து, தண்ணீர்ப் புட்டியை எடுத்து, கல்லின் மேல் அவனுக்குத் தெரிகிற மாதிரி வைத்தார். 

அவன் வெகு நேரம் நின்றான். இரண்டடி முன்னால் வந்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். அடுத்த மைக்ரோ பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டான்.

நபவிய்யா அப்போது மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"ஏன் அண்ணே, அது ஆபானூப்தானே? கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

பிஷாரா புட்டியை எடுத்து மூட்டையில் வைத்து முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை. அவளே வாங்கிக் கட்டிக் கொடுத்தாள்.

"கூப்பிட்டா வந்திருவான்ம்மா," என்றார்.

இருவரும் துறைக்கு நடந்தார்கள். கடைசிப் படகு காத்திருந்தது. பிஷாரா எல்லாரையும் ஏற்றிவிட்டுக் குனிந்து சங்கிலியைக் கொக்கியில் மாட்டினார். மாட்டியதை இழுத்துப் பார்த்தார். பிறகு, சுக்கானைப் பிடிக்க அங்கே வேறு ஆள் இல்லாதபோதும், துஹாமி செய்வதுபோலவே கையை உயர்த்தினார்.